மீனுக்கு உடம்பு சரியில்லை: தண்ணீர் கிட்டா, தனித் தொட்டியா, கடை மருந்தா, ஆய்வகமா?

ஒரு மீன் மூலையில் ஒதுங்கி நிற்கிறது, துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறது, தீனி போட்டால் வரவில்லை. இந்த நிலையில் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் மீன் வளர்க்கிறவர்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுக்கு என்ன மருந்துங்க ஊத்துறது?" நான் திருப்பிக் கேட்பது, அது என்ன நோய் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதை. பெரும்பாலும் பதில் இருக்காது. ஒரு யூடியூப் வீடியோ, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னது, இல்லாவிட்டால் கடைக்காரர் கையில் கொடுத்த நீலப் பாட்டில்.

நோயைக் கண்டுபிடிக்க வீட்டில் வளர்ப்பவருக்கு நடைமுறையில் நாலு வழி இருக்கிறது. தண்ணீரை கிட் வைத்துச் சோதிப்பது ஒன்று. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கவனிப்பது இன்னொன்று. கடைக்காரரிடம் காட்டி அவர் கண்ணை நம்பி மருந்து வாங்குவது மூன்றாவது. மைக்ராஸ்கோப் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவது நாலாவது. நாலுமே சரியான வழிதான், ஆனால் எல்லா நேரத்துக்கும் சரியான வழி எதுவும் கிடையாது. எதை முதலில் செய்வது என்பதில்தான் மீன் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் வேகம். அம்மோனியா ஏறினாலோ குளோரின் கலந்தாலோ சில மணி நேரத்தில் மீன் போய்விடும். காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய் வெயில் காலத்தில் ஒன்றிரண்டு நாளில் தொட்டியையே காலி செய்யும். துடுப்பு அழுகலோ, வயிற்றுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியோ வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே பதில் வர எத்தனை நாள் ஆகும் என்பதைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இரண்டாவது, கணிப்பு தப்பாகப் போனால் என்ன சேதம். தண்ணீர் மாற்றியது தேவையில்லாத வேலையாக இருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. தேவையில்லாத மருந்து ஊற்றினால் ஃபில்டரில் இருந்து மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா செத்து, இல்லாத நோயை நாமே கொண்டுவந்து விடுவோம்.

மூன்றாவது, அந்த வழி எதைக் காட்டும், எதைக் காட்டவே காட்டாது. நாலாவது செலவு, அதிலும் கண்ணுக்குத் தெரியாத செலவு.

ஐந்தாவதாக ஒன்று சேர்க்கிறேன், மற்ற ஊர்க்காரர்கள் எழுதியதில் இது அவ்வளவாக வராது: உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கொங்குப் பகுதியில் ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர் இருக்கும், ஆற்றுத் தண்ணீர் ஒரு குழாயில், போர் தண்ணீர் இன்னொரு குழாயில். கோவையின் சிறுவாணித் தண்ணீர் மிக மென்மையானது, அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதே ஊரில் போர் தண்ணீரைப் பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும். இந்த இரண்டு தண்ணீரிலும் மீன் நோய்ப்படுகிற விதமே வேறு. கீழே ஒவ்வொரு வழியிலும் இது திரும்பத் திரும்ப வரும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

## வழி 1: தண்ணீரைச் சோதிப்பது

என் முதல் ஓட்டு எப்போதும் இதற்குத்தான். காரணம், மேலே வந்து வாய் பிளப்பது, துடுப்பை ஒடுக்குவது, தரையில் கிடப்பது, கல்லில் உடம்பைத் தேய்ப்பது, இவையெல்லாம் எந்த ஒரு நோய்க்கும் உரிய அடையாளம் கிடையாது. கெட்ட தண்ணீரிலும் வரும், செவுள் பூச்சியிலும் வரும், வெண்புள்ளி நோயின் தொடக்கத்திலும் வரும். மீனைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. தண்ணீரைப் பார்த்தால் பாதியாவது பிரிந்துவிடும்.

பார்க்க வேண்டியவை நாலு: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை). முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பி.பி.எம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே இருந்தால் பரவாயில்லை. புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா வளர்ந்து நிலைக்க 4 முதல் 6 வாரம் பிடிக்கும், அதற்குள் மீனை நிறைய விட்டவர்கள் தொட்டியில் அம்மோனியாவும் அதற்குப் பின்னால் நைட்ரைட்டும் ஏறுவதுதான் வழக்கம். நைட்ரைட் ஏறினால் செவுள் பழுப்பு நிறமாகும், தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுக்குத் திணறும், ஏனென்றால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. இதற்கு லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போட்டுத் தண்ணீர் மாற்றினாலே பெரிய ஆறுதல் கிடைக்கும், உப்பில் உள்ள குளோரைடு நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். நோய் என்று நினைத்து இங்கே மருந்து ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். அம்மோனியா அளவு ஒன்றாகவே இருந்தாலும், பி.எச். கூடக் கூட அது விஷமாகும். 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஆறேழு பங்கு, அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. போர் தண்ணீர் தொட்டிக்காரர்கள் இதனால் அம்மோனியாவில் கொஞ்சமும் அசட்டையாக இருக்க முடியாது.

மென்மையான தண்ணீர் தொட்டிக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். சிறுவாணித் தண்ணீரில் பி.எச்சைப் பிடித்து நிறுத்துகிற கார்பனேட் குறைவு. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், ஆவியானதை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் பி.எச். சத்தமில்லாமல் இறங்கும். அது 6-க்குக் கீழே போனால் ஃபில்டர் பாக்டீரியா பெரிதும் மந்தமாகிவிடும், அம்மோனியா சேர ஆரம்பிக்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது விஷமில்லாத வடிவில் கிடப்பதால் மீன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இந்த நேரம் பார்த்து நாலு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை, தொட்டி அழுக்காக இருக்கிறது என்று போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், பி.எச். ஒரேயடியாக மேலே போகும், சேர்ந்து கிடந்த அத்தனை அம்மோனியாவும் விஷமாகும். "தண்ணி மாத்துன மறுநாளே எல்லாம் செத்துப் போச்சுங்க" என்று சொல்கிறவர்களிடம் இந்த இரண்டு தண்ணீர்க் கதையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய தொட்டியில் சோதனை செய்யாமல் பெரிய அளவில் தண்ணீர் மாற்ற வேண்டாம், அதுவும் வேறு குழாய்த் தண்ணீரில் வேண்டவே வேண்டாம். பத்துப் பதினைந்து சதவீதமாகச் சில நாள் மாற்றுங்கள்.

மீன் வகைக்கும் தண்ணீருக்கும் பொருத்தம் பார்ப்பதும் இதே சோதனையில் அடங்கும். மோலி கடினத் தண்ணீர் கேட்கும் மீன், அதை மென்மையான தண்ணீரில் விட்டால் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டும். மருந்தால் அது சரியாகாது, தண்ணீரில் கனிமம் சேர்ந்தால் சரியாகும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் வைத்திருக்கிறவர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர்.

மறைந்த செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். வண்ணப் பட்டைக் காகிதச் சோதனை மலிவு, ஆனால் நிறையப் பட்டைகளில் அம்மோனியாவுக்கான கட்டமே கிடையாது. வாங்கும் முன் அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முக்கியமானதை விட்டுவிட்டு மற்றதைச் சோதிப்பதாகிவிடும். சொட்டு ஊற்றிப் பார்க்கும் கிட் விலை அதிகம், ஆனால் பல மாதம் வரும், ஓரளவு நம்பலாம். அதற்கும் காலாவதித் தேதி உண்டு. வீட்டில் ஆர்.ஓ. மெஷினுக்காக வாங்கிய டி.டி.எஸ். பேனாவை வைத்துக்கொண்டு "தண்ணி நல்லாருக்குங்க, 180தான் காட்டுது" என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பேனா கரைந்த உப்பைத்தான் காட்டும், அம்மோனியாவைத் தனியாகக் காட்டாது.

கிட் காட்டாத ஒன்று குளோரின் (அதற்குத் தனிச் சோதனை வேண்டும்). மழைக்காலத்தில் ஆறு கலங்கும்போது குளோரினைக் கூட்டிப் போடுவது உண்டு. மூடிய டேங்கில் இருந்து வரும் தண்ணீரை நேரே ஊற்றாமல் ஆன்டி குளோரின் சொட்டு போட்டோ, ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்தோ ஊற்றுங்கள். இன்னொன்று மின்தடை. பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை கரண்ட் நிறுத்துகிற நாளில் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடி, உள்ளே அழுகின தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளும். மறுநாள் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் நோயைத் தேட வேண்டாம், நேற்றைய மின்தடையை நினையுங்கள்.

## வழி 2: தனித் தொட்டியில் போட்டுக் கவனிப்பது

மருத்துவமனைத் தொட்டி என்று பெரிய பெயர் வேண்டாம், சோப்புப் படாத 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஏர் மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே மூட ஒரு வலை, இவ்வளவுதான். பலர் இதை வைத்தியத்துக்கான இடமாக மட்டும் பார்க்கிறார்கள். என் கணிப்பில் இது கண்டுபிடிப்பதற்கான கருவியாகத்தான் அதிக மதிப்புள்ளது.

எப்படி என்றால், சுத்தமான, சோதித்த தண்ணீரில் தனியாக விட்ட மீன் ஒன்றிரண்டு நாளில் தெளிந்து தீனி எடுத்தால், குற்றம் பழைய தொட்டியின் தண்ணீரிலோ கூட இருந்த மீன்களிலோதான் இருந்தது. ஏஞ்சலைத் துரத்தித் துரத்தித் துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் இருக்கும் தொட்டியில் துடுப்பு அழுகலுக்கு மருந்து ஊற்றி என்ன பலன்? தனியாக விட்டும் தேறவில்லையென்றால் நோய் மீனுக்குள் இருக்கிறது என்று ஓரளவு உறுதியாகும். அடியில் மணல் இல்லாததால் கழிவையும் பார்க்கலாம். வெள்ளையாக, நூல் மாதிரி நீளமாக வந்து, மீன் தீனியை வாயில் வாங்கித் துப்பிக்கொண்டிருந்தால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். பட்டினி கிடக்கும் மீனுக்கும் கழிவு வெளுக்கும் என்பதால் இரண்டு அடையாளமும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். உருண்டைக் கோல்டு ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் ஒன்றிரண்டு நாள் தீனியை நிறுத்தி, பிறகு தோல் உரித்த வேகவைத்த பட்டாணி கொடுத்துப் பாருங்கள். மலச்சிக்கல் என்றால் அதிலேயே சரியாகிவிடும்.

உப்பும் இங்கே போடலாம். சாதாரணக் கல் உப்பு, லிட்டருக்கு 1 முதல் 3 கிராம், அதாவது 20 லிட்டருக்கு 20 முதல் 60 கிராம். தனியாகக் கரைத்து ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஆவியாகிற தண்ணீருடன் உப்பு போகாது என்பதால் குறைந்ததை நிரப்பும்போது வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கோரிடோராஸ், லோச் மாதிரி மீன்களுக்கு உப்பு ஆகாது, குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் மறைந்த செலவு உழைப்பு. புது டப்பாவில் நல்ல பாக்டீரியா கிடையாது, அதனால் மீன் விடும் கழிவே அம்மோனியாவாக நிற்கும். தினமும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்ற முடியாதவர் இந்த வழியில் இறங்க வேண்டாம். பெரிய தொட்டி ஃபில்டரில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பாஞ்சைக் கூடுதலாகப் போட்டு வைத்திருந்தால் அவசரத்துக்கு அதை எடுத்து டப்பாவில் போடலாம், பாதி வேலை மிச்சம்.

வெண்புள்ளி நோய்க்கு இந்த வழி தோற்றுப்போகும். ஒரு மீனில் புள்ளி தெரிகிறது என்றால் தொட்டி முழுக்க அந்த ஒட்டுண்ணி ஏற்கெனவே பரவிவிட்டது. புள்ளி தெரிந்த மீனை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் அடுத்த வாரம் மற்றவற்றிலும் தெரியும்.

## வழி 3: கடைக்காரர் கண்ணும் கடை மருந்தும்

கடைக்காரர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தினமும் நூற்றுக்கணக்கான மீனைப் பார்க்கிற கண்ணுக்கு மதிப்பு உண்டு. சென்னை கொளத்தூர்ப் பக்கமிருந்து போன வாரம் வந்த சரக்கில் எந்த மீன் தளர்ச்சியாக வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். மருந்து எடுத்துக் கொடுக்கும் முன் "எத்தனை நாளா இப்படி இருக்குதுங்க, கடைசியா எப்பத் தண்ணி மாத்துனீங்க, புதுசா எதாச்சும் மீன் விட்டீங்களா" என்று கேட்கிற கடை கிடைத்தால் விடாதீர்கள். எதையும் கேட்காமல் பாட்டிலை நீட்டுகிற கடையில் தீனி வாங்குங்கள், மருந்து வேண்டாம்.

கண்ணால் தெளிவாகத் தெரிகிற நோய்களுக்கு இந்த வழி நன்றாக வேலை செய்யும். வெண்புள்ளி, நங்கூரப் புழு, மீன் பேன், சாதாரணப் பூஞ்சை. புதிதாக வாங்கிய கோல்டு ஃபிஷ், கோய் உடம்பில் நூல் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு, அடியில் சிவந்திருந்தால் அது நங்கூரப் புழு. தட்டையாக, பாதி ஒளி ஊடுருவும்படி ஒட்டி நகர்ந்தால் பேன். இதற்கெல்லாம் ஆய்வகம் தேவையில்லை.

ஆனால் ஃபோட்டோவை மட்டும் அனுப்பிக் கேட்பதில் தவறு நிறைய நடக்கிறது. ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் வரிசையாக வெள்ளைப் புள்ளி வரும், அது நோயே இல்லை. வெண்புள்ளி நோய் உடம்பெங்கும் ஒழுங்கில்லாமல், பொடி உப்புத் தூவினது போல் வரும். வெல்வெட் நோய் அதைவிட நுண்ணியது, அறையை இருட்டாக்கி டார்ச் அடித்தால் பொன் தூசி மாதிரி மினுங்கும். ஃபோட்டோவில் அது விழாது, பல நேரம் தூசி தெரியும் முன்பே மீன் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். ஃபோட்டோவுக்குப் பதிலாக அரை நிமிட வீடியோ எடுத்துக் காட்டுங்கள், செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, ஒரு பக்கச் செவுள் மூடியே இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

பெரிய குழப்பம் பூஞ்சைக்கும் காலம்னாரிஸுக்கும் இடையில். பூஞ்சை நீள இழைகளாக, பஞ்சு மாதிரி புசுபுசுவென்று, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த காயத்தின் மேல் வளரும். காலம்னாரிஸ் அதைவிடத் தட்டையாக, சாம்பல் கலந்த வெள்ளையில், உதட்டிலோ முதுகின் நடுவில் சேணம் போட்டது போலவோ பரவும், வேகமும் அதிகம். சீசனையும் சேர்த்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர்ப் பக்கம் வீட்டுத் தொட்டித் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டி நிற்கும். அந்த வெப்பம் வெண்புள்ளிக்கும் பூஞ்சைக்கும் உகந்ததில்லை, காலம்னாரிஸுக்கு உகந்தது. அந்த மாதங்களில் வெள்ளைத் திட்டைப் பார்த்தால் சந்தேகம் முதலில் அங்கே போகட்டும். மார்கழி, தையில் விடியற்காலைக் குளிரில் ஹீட்டர் இல்லாத தொட்டி இறங்கி, பகலில் ஏறும்போது வெண்புள்ளிதான் அதிகம் வரும். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், வெண்புள்ளிக்குத் தண்ணீரை 30 டிகிரிக்கு மெல்லச் சூடேற்றுவது உதவும், அதையே காலம்னாரிஸுக்குச் செய்தால் சாவு துரிதமாகும்.

வெண்புள்ளிதான் என்று உறுதியானால் தொட்டி முழுவதற்கும் மருந்து. மீன் தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது, தரையில் கூடு கட்டிப் பெருகும்போதும் தொடாது, தண்ணீரில் நீந்தும் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் கொல்லும். மூன்றாம் நாள் புள்ளி உதிர்ந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு அது திரும்ப வருவது இதனால்தான். 10 முதல் 14 நாள் தொடருங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

கடை மருந்தின் விலை ரொம்பக் குறைவு, மறைந்த செலவு ரொம்ப அதிகம். மெத்திலீன் நீலம் ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும், செடியைக் கெடுக்கும், தொட்டியின் சிலிக்கான் ஓரத்தில் போகாத நீலமாகப் படியும். அது டப்பாவில் போட வேண்டிய மருந்து, பெரிய தொட்டியில் வேண்டாம். மாலகைட் பச்சை உள்ள மருந்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், உண்ணும் மீனுக்கு அதைத் தடை செய்திருப்பது சும்மா இல்லை. அளவும் பலர் ஊகத்தில் ஊற்றுகிறார்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். இரண்டடித் தொட்டி 60×30×30 என்றால் 54 லிட்டர், கல்லும் மேல் இடைவெளியும் போக 45 தான் இருக்கும்.

ஆன்டிபயாடிக் பொடியைப் பற்றி ஒன்று மட்டும். ஆக்சிடெட்ராசைக்ளின் வகை மருந்து தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்துடன் ஒட்டிக்கொள்ளும், மீனுக்குள் போவது மிகவும் குறைந்துவிடும். போர் தண்ணீர்த் தொட்டியில் அதை ஊற்றிவிட்டு "மருந்து போட்டும் கேட்கலீங்க" என்றால், மருந்து மீனுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் விஷயம். எந்த பாக்டீரியா என்று தெரியாமல் ஆன்டிபயாடிக் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

## வழி 4: மைக்ராஸ்கோப் இருக்கும் இடம்

செவுள் பூச்சி, ட்ரைகோடினா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, மற்றத் தோல் ஒட்டுண்ணிகள் இவற்றை உறுதியாகச் சொல்ல ஒரே வழி, தோலின் வழவழப்பையும் செவுளின் நுனியையும் துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பது. இதற்குப் பெரிய கருவிகூட வேண்டாம், பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் 40, 100 மடங்கு மைக்ராஸ்கோப்பே போதும். குதிரை லாடம் மாதிரி உட்கரு தெரிந்து மெல்ல உருண்டால் வெண்புள்ளி ஒட்டுண்ணி. உயிரியல் ஆசிரியர் யாராவது பழக்கமிருந்தால் பாதி ஆய்வகம் உங்கள் கையில் இருக்கிறது. பாக்டீரியா என்றால் அது போதாது, வளர்த்துப் பார்த்து எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று சோதிக்கச் சில நாள் ஆகும்.

நம் பகுதியில் 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பவானிசாகரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமும் இருக்கின்றன. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகங்களிலும் விசாரிக்கலாம். போகும் முன் ஃபோனில் கேட்டுவிடுங்கள், அலங்கார மீன் பார்க்கிற ஆள் அன்றைக்கு இருப்பாரா என்று தெரியாமல் கோவையிலிருந்து பஸ் ஏறிப் போவது வீண். டவுனில் உள்ள தனியார் கால்நடை கிளினிக்குகள் பெரும்பாலும் நாய், பூனைக்குத்தான்.

மறைந்த செலவு, பயணமும் நேரமும். முப்பது ரூபாய் கப்பிக்காக யாரும் நாமக்கல் போகப் போவதில்லை, போகச் சொல்லவும் மாட்டேன். கோய் குளம் வைத்திருப்பவர், அரோவானா வளர்ப்பவர், மாடியில் சிமெண்ட் தொட்டிகளில் மீன் பெருக்கி விற்பவர், இவர்களுக்கு இது செலவே இல்லை. ஒரு தொட்டியின் நோயைத் தப்பாகக் கணித்து அடுத்த பத்துத் தொட்டிக்கும் வலையால் பரப்பினால் ஆகும் நஷ்டம் அதைவிடப் பல மடங்கு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தண்ணீர் கிட் | தனித் தொட்டி | கடை | ஆய்வகம் |
|---|---|---|---|---|
| விடை வர | சில நிமிடம் | ஒன்றிரண்டு நாள் | உடனே | ஒட்டுண்ணி அன்றே, பாக்டீரியா சில நாள் |
| செலவு | தொடக்கத்தில் அதிகம் | குறைவு | மிகக் குறைவு | பயணம்தான் பெரிது |
| நன்றாகக் காட்டுவது | அம்மோனியா, நைட்ரைட், பி.எச். | சண்டை, குடல், தண்ணீர்க் குற்றம் | கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணி | செவுள் பூச்சி, பாக்டீரியா வகை |
| காட்டாதது | எந்த ஒட்டுண்ணியையும் | செவுளுக்குள் இருப்பதை | தண்ணீரின் நிலையை | நேற்று நடந்த மின்தடையை |
| தப்பானால் சேதம் | ஏறக்குறைய இல்லை | குறைவு | அதிகம் | குறைவு |

## எந்த நிலைமையில் எது

தொட்டியில் எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்தால் கிட், அது இல்லாவிட்டால் சோதனைக்கு ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு உடனே ஏர் மோட்டாரைக் கூட்டுங்கள். அதே குழாய்த் தண்ணீரில், குளோரின் நீக்கி, ஒரு சின்னப் பகுதியை மாற்றுங்கள். மருந்துப் பாட்டிலைத் தொட வேண்டாம்.

ஒரே ஒரு மீன் மட்டும் சோர்ந்து, மற்றவை நன்றாகத் தின்றால் தனித் தொட்டி. காயம், துரத்தல், வயிறு உப்பல், துடுப்புக் கிழிசல் எல்லாம் இதில் வரும். செதில் எல்லாம் விரிந்து நின்று வயிறு ஊதினால் அது டிராப்ஸி, உள்ளே சிறுநீரகம் செயலிழந்து நீர் கோத்ததன் அடையாளம், பெரும்பாலும் தாமதமான கட்டம். மோலி, கப்பி சினையாக இருந்தால் வயிறு பெருத்தாலும் செதில் விரியாது, மேலிருந்து பார்த்து இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தெளிவான புள்ளி, புழு, பேன் கண்ணில் படுகிறது, கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் கடைக்குப் போகலாம். என்ன வேண்டும் என்று நோயின் பெயரைச் சொல்லி வாங்குங்கள், எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மருந்தும் சூடும் சேரும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் ஸ்டோன் கட்டாயம்.

தண்ணீர் சரியாக இருந்தும் வரிசையாக மீன் செத்துக்கொண்டே இருந்தாலோ, ஒரு மருந்தைப் போட வேண்டிய நாள் முழுக்கப் போட்டும் கேட்காமல் போனாலோ, இரண்டாவது மருந்து வாங்கும் பணத்தில் ஆய்வகத்துக்குப் போங்கள். செத்த மீனை எடுத்துப் போவதில் பெரிய பயன் இருக்காது, செத்த கொஞ்ச நேரத்தில் ஒட்டுண்ணிகள் கழன்றுவிடும், உடல் அழுகத் தொடங்கும். நோய் தெரிகிற, உயிருள்ள மீன்தான் வேண்டும். கவரில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி காற்று, வெளியே இருட்டான துணிப்பை. தொட்டித் தண்ணீரைத் தனியாக ஒரு லிட்டர் பாட்டிலில் எடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். கொஞ்ச நேரம் முன்புதான் செத்த மீனாக இருந்தால் ஐஸ் கட்டிக்கு இடையில் கவரில் வைத்து சில மணி நேரத்துக்குள் கொண்டுபோகலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. இதுவரை என்ன மருந்து, எத்தனை சொட்டு, எந்தத் தேதியில் போட்டீர்கள், தண்ணீர் போரா குழாயா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அங்கே இருப்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.